இன்னும் ஒருத்தர் வரணும்

கம்பவுண்டர் யாரோடு பேசினாலும் அவர் கண் எதிரில் நிற்பவரின் தோளைத் தாண்டிப் பின்னால் போய்விடும். புதிதாகப் பேசுகிறவர்கள் தமக்குப் பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். யாரும் இருக்கமாட்டார்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே போன ஒருவர் திரும்பி வருகிறாரா என்று அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கோட்டுச்சேரியில் ஒரு சின்ன அரசு மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் அவர் வேலை. இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் நான் எழுத்தராக இருந்தேன். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி நான் பார்த்ததில்லை. ஊரில் எல்லாருக்கும் அவர் கம்பவுண்டர்தான். நானும் இங்கே அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பதே சந்தேகம்தான். ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

மருந்தகத்தை ஒரு மணிக்குப் பூட்ட வேண்டும். காலையில் நாற்பது டோக்கன் கொடுத்து முப்பத்தொன்பது பேர் மருந்து வாங்கியிருந்தால் அவர் பூட்டமாட்டார். டாக்டரம்மா கிளம்பிப் போயிருப்பார். கூட்டுகிற அம்மாவும் போயிருப்பாள். இவர் மட்டும் வராதவரின் சீட்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது பல நாள் அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன்.

"சாப்பிடப் போகலையா சார்?" என்று கேட்டால், "இன்னும் ஒருத்தர் வரணும்" என்பார்.

"பஸ் ஏறிப் போயிருப்பாரு சார்."

"போயிருக்கலாம். தலை சுத்தி எங்கயாவது உக்காந்தும் இருக்கலாம்."

அவரோடு பேசிவிட்டு நகரும்போது மனசில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்ளும். நல்ல மனிதர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் பக்கத்தில் நின்றால் எங்கேயோ ஏதோ நடந்துவிட்டது, நமக்குத்தான் இன்னும் சேதி வரவில்லை என்பது போல இருக்கும்.

அவருடைய மச்சான் கல்யாணம் திருநள்ளாற்றில் ஒரு மண்டபத்தில் நடந்தது. இரண்டு வேன் பிடித்துப் போனார்கள். திரும்பும்போது கம்பவுண்டர் எண்ணிப் பார்த்ததில் ஓர் ஆள் குறைந்தது. முன்னால் போன வேனில் ஏறியிருப்பார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் வேன் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மண்டபத்தின் மாடி, சமையல்கட்டு, கொல்லைக் கிணறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. முன்னால் போன வேனிலிருந்து போன் வந்தது. அத்தை ஒருத்தி அதில்தான் இருந்தாள். மாமனார் வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. "ஆள் இருக்காங்க. கெளம்பலாம்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். இதை எனக்குச் சொன்னவர் கோட்டுச்சேரியில் தையல்கடை வைத்திருந்தவர். அந்த வேனில் அவரும் இருந்தார்.

இந்தத் தையல்காரரும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டப் பந்தயத்தை ஆரம்பித்தார்கள். சுனாமி வந்து ஒரு வருஷம் கழிந்திருந்தது. கடற்கரைப் பக்கம் போகவே ஜனங்கள் தயங்கிய காலம். கரையோரமாக ஓர் ஓட்டம் வைத்தால் பயம் தெளியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோட்டுச்சேரியிலிருந்து வரப்பு வழியாக நண்டலாற்றங்கரை, அங்கிருந்து ஆற்றோடு போய் முகத்துவாரத்துக்கு முன்னால் ஓர் உப்பனாற்றைக் கடந்து கடற்கரை, சவுக்குத்தோப்பு, மறுபடி வரப்பு வழியாக ஊர். பதினேழு பதினெட்டு கிலோமீட்டர் வரும். தார் ரோடு என்பது பெயருக்குத்தான். ஜனங்கள் அதை வரப்போட்டம் என்று கூப்பிட்டார்கள்.

கம்பவுண்டரிடம் வைத்தியப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. பெயர்ப் பதிவேடும் தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்றார்.

முதல் வருஷம் விடிகிற நேரத்தில் நாங்கள் கிளம்புமிடத்தில் கூடியபோது ஒரு பெஞ்சைப் போட்டு ஒவ்வொருவராக உட்காரச் சொன்னார். ஷூவைக் கழற்றச் சொல்லி விரலிடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். சர்க்கரை உண்டா, வலிப்பு உண்டா, நேற்று குடித்தீர்களா என்று கேட்டார். பக்கத்தில் பெண்டாட்டி நின்றாலும் கேட்டார். இரண்டு பேரை ஓட வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். நான் கிண்டலாக, "உங்களுக்கு சக்கரை இருக்கா சார்?" என்றேன்.

"இருக்கு. அதான் நான் ஓடலை" என்றார்.

அப்புறம் ஸ்டூல்மேல் ஏறி நின்று பேசினார். வாழ்த்துரை என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இது நாங்க பத்துப் பதினஞ்சு பேர் சேந்து நடத்துறது. எங்கள்ல ஒருத்தருக்கும் இது வேலை கிடையாது. தண்ணி வைக்கிறேன்னு சொன்னவரு தூங்கிப் போயிருக்கலாம். அதனால வழியில தண்ணி இருக்கும்னு நம்பி ஓடாதீங்க. கையில வச்சுக்கங்க. சுண்ணாம்புல கோடு போட்டிருக்கு. காலையில மாடு போயிருந்தா கோடு இருக்காது. ரொம்ப நேரம் கோடு கண்ணுல படலன்னா முன்னால போறவரைப் பாத்து ஓடாதீங்க. அவரும் வழி தவறித்தான் ஓடிக்கிட்டிருப்பாரு. கடைசியா கோடு பாத்த எடத்துக்குத் திரும்பி வாங்க."

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"சவுக்குத்தோப்புல பாட்டில் சில்லு கெடக்கும். வெளியூர்லேர்ந்து குடிக்க வர்றவங்க ஒடச்சுப் போடுறது. நாங்க பொறுக்கியிருக்கோம். எல்லாத்தையும் பொறுக்கிட்டோம்னு சொல்ல மாட்டேன். உப்பனாத்துல எட்டரை மணி வரைக்கும் முழங்கால் தண்ணி. அதுக்கப்பறம் கடல் ஏறும். பத்து மணிக்கு நெஞ்சளவு. கயிறு கட்டியிருக்கு. கயிறைப் புடிக்காம எறங்காதீங்க. கரையில போன் எடுக்காது. ஆம்புலன்ஸ் வர அங்க ரோடு இல்ல. மயங்கி விழுந்தீங்கன்னா கட்டில்ல போட்டுத்தான் தூக்கிட்டு வரணும்."

யாரோ ஒருவருடைய ஷூ நாடா அவிழ்ந்து, அவர் குனிந்து கட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

"கடைசியா ஒண்ணு. முடியலன்னா நிறுத்திடுங்க. அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. நிறுத்தினா எங்க ஆளு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. சொல்லாம போனீங்கன்னா நாங்க உங்களை வீட்டுல தேட மாட்டோம். தண்ணியிலதான் தேடுவோம்."

ஸ்டூலிலிருந்து இறங்கியதும் தையல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓட வந்தவங்கள நீங்களே தொரத்தி வுடுறீங்களே சார்" என்றார். அன்று நாலு பேர் ஓடாமலே வீட்டுக்குப் போனார்கள். போகும்போது அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அந்த முதல் ஓட்டத்தில் நான் நடுவாந்திரமாக வந்து சேர்ந்தேன். தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுக் காரைக்காலுக்குப் பஸ் ஏறிய பிறகு துண்டை மறந்துவிட்டது ஞாபகம் வந்து இறங்கித் திரும்பினேன். மணி ஒன்று. பந்தலைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். வெறும் மைதானத்தில், நல்ல வெயிலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கம்பவுண்டர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மடியில் பதிவேடு. போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர், நல்ல கனத்த உடம்பு, இன்னும் வந்திருக்கவில்லை. நானும் மரத்தடியில் நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து ஸ்டுடியோக்காரர் வரப்பின் கோடியில் தெரிந்தார். நடந்துகூட வரவில்லை, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்தார். கம்பவுண்டர் எழுந்து நின்றார். அவர் வந்து சேர்ந்ததும் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். "வந்துட்டேன் சார்" என்று அவர் சொன்ன பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

எனக்கு அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களிடம் ஸ்டுடியோக்காரர் மாதிரி நடந்து காட்டினேன். பிறகு பல தடவை காட்டினேன்.

இரண்டாவது வருஷம் ஒரு காரியம் நடந்தது. ஓட்டம் முடிந்து எண்ணியபோது ஓர் ஆள் குறைந்தது. காரைக்காலில் வேலை பார்க்கும் இளைஞர். நன்றாக ஓடக்கூடியவர். போன வருஷம் மூன்றாவதாக வந்தவர். கால் பிடித்திருக்கும், நிறுத்திவிட்டுப் போயிருப்பார் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். நானும் சொன்னேன். கம்பவுண்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு சவுக்குத்தோப்புப் பக்கம் நடந்தார். கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கட்டுமரத்தின் பின்னால் அந்த இளைஞர் உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்திருந்தார். இவரைப் பார்த்து, "அப்பா, வண்டி வந்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். உடம்பு நெருப்பாகக் கொதித்ததாம். வியர்வை துளிகூட இல்லையாம். மீனவர் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் போட்டு, கடல்தண்ணீரை ஊற்றிக்கொண்டே ரோடுவரை தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். பெரிய டாக்டர், இன்னும் அரைமணி போயிருந்தால் சிரமம் என்றாராம்.

அடுத்த நாள் நான் மருந்தகத்துக்குப் போய், "நல்லவேளை சார், நீங்க போனீங்க" என்றேன்.

"நிறுத்திட்டுப் போயிருப்பாருன்னு நீங்களும் சொன்னீங்கள்ல" என்றார். குத்திக் காட்டும் குரலாக இல்லை. வெறுமனே சொன்னார். கண் வழக்கம்போல என் தோளைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டது.

இதெல்லாம் தெரிந்தும்தான் நான் மூன்றாம் வருஷம் அப்படிச் செய்தேன்.

அந்த முறை முதல் பத்துப் பேருக்குள் வருவேன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். எனக்குக் கொடுத்த எண் நாற்பத்தேழு. வெள்ளைத் துணியில் தையல்காரர் தைத்த எண். நாலு ஊக்கு வைத்து நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். கம்பவுண்டர் காலைப் பார்த்தார், ஸ்டூல்மேல் ஏறிப் பேசினார். அதே பேச்சு. நான் கேட்கவில்லை. காலை உதறிக்கொண்டிருந்தேன்.

ஆற்றங்கரைக்கு ஏறுகிற இடத்தில் வரப்பு இடிந்து இடது கணுக்கால் மடங்கியது. கொஞ்சதூரம் நொண்டினேன். ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். உப்பனாற்றுக்கு நூறு தப்படி இருக்கும்போது, மீன்வண்டி போகும் மண்பாதை குறுக்கிட்டது. தாழம்புதருக்கு அந்தப்பக்கம் கயிற்றின் அருகில் நிற்கிற நம் ஆட்கள் பேசுவது காதில் கேட்டது. கரையில் திரும்பிப் பார்த்தால் தூரத்தில் ஸ்டுடியோக்காரர் வந்துகொண்டிருந்தார். இந்த வருஷமும் ஒவ்வொரு காலாகத்தான் எடுத்து வைத்தார். ஆனால் வந்துகொண்டிருந்தார்.

நூறு தப்படி நடந்து, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் என்னைத் தாண்டிவிடுவார் என்று தோன்றியது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஐஸ் வியாபாரி ஒருவர் மண்பாதையில் மோட்டார் சைக்கிளில் வந்தார். "என்ன சார், கால்ல அடியா? ஏறுங்க, ரோட்டுல விடுறேன்" என்றார். பஸ்ஸில் எண்ணோடு போனால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள் என்று துணியைக் கழற்றிப் புதர்மேல் வீசினேன். ஏறிக்கொண்டேன். காரைக்கால் போய், அங்கிருந்து மினிபஸ்ஸில் என் ஊரான விழிதியூர். வீட்டுக்கு வந்து காலில் சுண்ணாம்பும் மஞ்சளும் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. தையல்காரர். என் மனைவிதான் எழுந்து போனாள்.

"தங்கச்சி, கொஞ்சம் உக்காரும்மா. பதறாம கேக்கணும்" என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது. "யாராவது பெரியவங்க வீட்டுல இருக்காங்களா?"

"என்னண்ணே? அவரு சாப்புட்டுக்கிட்டிருக்காரு. கூப்பிடவா?" என்றாள் அவள்.

நான் கையைக் கழுவாமல் வெளியே வந்தேன். தையல்காரர் என்னைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கிற்று. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

கடைசி ஆளான ஸ்டுடியோக்காரர் இந்த முறை பத்து மணிக்கெல்லாம் வந்து சேர்ந்ததும் எண்ணியிருக்கிறார்கள். நாற்பத்தேழு இல்லை. கயிற்றுக்காரர்களைக் கேட்டால், இடையில் பத்து நிமிஷம் டீ குடிக்கப் போனதை ஒப்புக்கொண்டார்கள். தேடிப் போனவர்களுக்கு உப்பனாற்றின் ஓரத்தில், தண்ணீரில் பாதி மூழ்கி, முள்ளில் சிக்கிய என் எண்துணி கிடைத்திருக்கிறது. காற்று கொண்டுபோய்ப் போட்டிருக்கும். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கம்பவுண்டர் மட்டும், எதற்கும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று பன்னிரண்டு மணிக்கே தையல்காரரை அனுப்பியிருக்கிறார்.

"கெளம்பினேங்க. பாதி வழியில வண்டிய நிறுத்திட்டேன். வீட்டுல போயி என்னத்தச் சொல்றது? ஒடம்பு கெடச்ச பெறகு போவோம்னு மதகுகிட்ட உக்காந்திருந்தேன். மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன்" என்றார்.

என் மனைவி உள்ளே போனாள். தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் வடிய ஆரம்பித்திருந்தது. கரையில் இரண்டு ஊர் ஜனங்கள். மீனவர்கள் இருபது பேர் வலையைக் குறுக்கே விட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலைக்கு முன்னால், நெஞ்சளவு தண்ணீரில் கம்பவுண்டர். மேல் பொத்தான்வரை போட்ட அதே சட்டை. கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, காலால் அடிச்சேற்றைத் துழாவித் துழாவி, ஓர் அடி நகர்ந்து, மறுபடி துழாவி நடந்தார். செருப்பு கரையில் கிடந்தது. செருப்புப் போட்டால் ஆள் தட்டுப்படுவது தெரியாது என்று காலையில் பதினோரு மணிக்குக் கழற்றியதாம்.

"சார், ஆளு இருக்காரு. வீட்டுல இருக்காரு" என்று தையல்காரர் கத்தினார்.

வலை நின்றது. ஒரு மீனவர் வலைக்கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னை நோக்கி வந்தார். "இவன்தானா அது?" என்றார். பின்னாலிருந்து ஓர் அம்மா, "அந்த மனுசன் காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்காம நிக்கிறாரு. நீ சோறு தின்னுட்டு வர்றியாய்யா?" என்றாள். என் கையில் குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத்தான் பார்த்திருக்கிறாள்.

"ஆளு வந்தாச்சு. வலையச் சுருட்டுங்க" என்று கம்பவுண்டர் தண்ணீரிலிருந்தே சொன்னார்.

கரையேறி வந்து என் முன்னால் நின்றார். உதடு வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு நிறுத்தினீங்க?"

"ஏழே முக்கால் இருக்கும் சார்."

பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி ஈரக் கையோடு எழுதினார். பிறகு என் காலைப் பார்த்தார். "வீங்கியிருக்கே. உக்காருங்க." மணலில் உட்கார வைத்து, என் பாதத்தைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கட்டுப் போட்டார். இறுக்கமில்லாமல், தளர்வுமில்லாமல். அவர் மண்டி போட்டிருந்த இடத்தில் மணல் சிவந்திருந்தது.

"சார், உங்க கால்ல ரத்தம்" என்றார் தையல்காரர்.

கம்பவுண்டர் திரும்பித் தன் இடது பாதத்தைப் பார்த்தார். உள்ளங்காலில் ஒரு கண்ணாடிச் சில்லு பாதி உள்ளே போயிருந்தது. அது எப்போது குத்தியது என்று அவருக்கே தெரியவில்லை. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் மரத்துப் போகும் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவர் அவர். சில்லைப் பிடுங்கி, மருந்து வைத்து, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போனார்.

பங்குனி மாதம் அவர் லீவில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். சித்திரையில் தையல்காரர், "ரெண்டு வெரலு எடுத்துட்டாங்களாம்" என்றார். வைகாசியில், "புதுச்சேரிக்குக் கொண்டு போயிட்டாங்க. முழங்காலுக்குக் கீழ கறுத்துப் போச்சாம்" என்றார். நான் மருந்தகம் இருக்கிற தெருவழியாகப் போவதை நிறுத்தினேன். சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோக ஆரம்பித்தேன். அந்தத் தெருவில் புதுக் கம்பவுண்டர் வந்துவிட்டார், அவர் சரியாக ஒரு மணிக்குப் பூட்டிவிடுகிறார் என்று சொன்னார்கள்.

ஆடி மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். அதுவும் என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்த பிறகு. கதவைத் திறந்த அவர் மனைவி, நான் யார் என்று சொல்லுமுன், கட்டு இல்லாத என் கணுக்காலைப் பார்த்தார்.

"நாப்பத்தேழு நீங்கதானா?"

தலையாட்டினேன். உட்காரச் சொன்னார். உள்ளறையில் கம்பவுண்டர் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வையின் கீழ்ப்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். என்ன பேசுவது என்று தெரியாமல், சுனாமிக்குப் பிறகுதான் சார் இப்படி ஆள் எண்ண ஆரம்பித்தாரா, ஊரில் அப்படிச் சொல்கிறார்களே என்றேன்.

"சுனாமியெல்லாம் இல்லீங்க. கல்யாணம் ஆன புதுசுலேர்ந்தே அப்படித்தான். நான் கடைக்குப் போயிட்டு வர லேட்டானா தெருமொனையில நிப்பாரு. ஏன்னு கேட்டா அவருக்கே சொல்லத் தெரியாது" என்றார். டீ கொண்டுவந்து வைத்தார்.

"ஆஸ்பத்திரியில காய்ச்சல்ல கெடந்தப்ப உங்க நம்பரத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. நாப்பத்தேழு வந்துட்டாரான்னு கேப்பாரு. வந்துட்டாருங்கன்னு சொல்லுவேன். நீ பாத்தியாம்பாரு. நான் எங்க பாத்தேன்? பாத்தேன்னு பொய் சொல்லுவேன். நம்ப மாட்டாரு. மறுபடி எந்திரிக்கப் பாப்பாரு. கையப் புடிச்சுக் கட்டிப் போட்டாங்க." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப பாத்துட்டேன். தூங்கட்டும், எழுப்ப வேணாம். நீங்க கெளம்புங்க."

அடுத்த வருஷம் ஓட்டம் நடக்காது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கம்பவுண்டர்தான் நடத்த வேண்டும் என்றாராம். கோபத்தில் இருந்த உப்பனாற்றங்கரை மீனவர்களிடம் செயற்கைக் காலோடு நேரில் போய்ப் பேசியிருக்கிறார். அவர் கேட்டதால் சரி என்றிருக்கிறார்கள். ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் தையல்கடையில் பெயர் பதிகிறார்கள் என்று தெரிந்தது. போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் காலை மட்டும் நேராக நீட்டி வைத்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"ஓடணுமா?"

"இல்ல சார். கூடமாட வேலை செய்யலாம்னு வந்தேன். எங்க நிக்கச் சொன்னாலும் நிக்கிறேன். கயித்துக்கிட்ட நிக்கிறேன். டீ குடிக்கக்கூட நகர மாட்டேன்."

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டார்.

"எனக்குக் கோவம்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஆனா நீங்க வேணாம்."

"ஏன் சார்?"

"நீங்க கயித்துக்கிட்ட நிப்பீங்க. எல்லாரும் கடந்து போயிட்டாங்கன்னு வந்து சொல்லுவீங்க. நான் அத நம்பணும்ல? எனக்கு நம்பிக்கை வராது. அப்பறம் நானே போயிப் பாக்கணும். இந்தக் காலோட."

சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சைக்கிளைத் திருப்பினேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"போன் வாங்கியிருக்கீங்களாமே?"

"ஆமா சார்."

"இங்கேர்ந்து விழிதியூர் தூரம். வெயில் வேற. வீட்டுக்குப் போனதும் ஒரு போன் பண்ணிடுங்க." தையல்காரரின் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். "நான் இங்கதான் இருப்பேன்."

வழியில் எங்கேயும் நிற்காமல் மிதித்தேன். வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடியே போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சார், நான்தான். வந்து சேந்துட்டேன்."

தையல் மிஷின் ஓடுவது மட்டும் கேட்டது.

"வீட்டுல அவங்க இருக்காங்களா?" என்றார். "இருந்தா கொஞ்சம் அவங்ககிட்ட குடுங்க."

போனை என் மனைவியிடம் நீட்டினேன். அவள் காதில் வைத்துக் கேட்டாள். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆமாங்க, இப்பத்தான் வந்தாரு" என்றாள். "இன்னும் சட்டையக்கூடக் கழட்டல."